பக்கிரிசாமியின் மார்பில் ஒரு கோடு

பக்கிரிசாமியைக் கொன்றவன் நான் என்று பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், எங்கள் லயனில், இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேருக்கு நேர் யாரும் சொல்வதில்லை. குழாயடியில் நான் வாளியைக் கொண்டுபோய் வைத்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், என் வலது கையைப் பார்ப்பார். சாமிக்குக் கட்டின கயிற்றைக் குறடு போட்டு அறுத்த கை அல்லவா.

அறுத்தேன். இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. பட்டப்பகலில், முப்பது பேர் பார்க்க, கம்பி வெட்டுகிற குறட்டால் அறுத்தேன். ஏன் அறுத்தாய் என்று ஒரு பயல் இதுவரை கேட்டதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், வந்த வரைக்கும் எழுதுகிறேன். சில இடங்களில் கூச்சப்படும்படியான சமாசாரம் வரும். உடம்பைப் பற்றிய கதையில் அது வராமல் இருக்காது.

பக்கிரிசாமி அண்ணன் கைகாட்டி விளக்குக்காரர். தண்டவாளத்தோரம் நிற்கிற கைகாட்டி மரங்களில் சாயங்காலம் ஏறி, மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து, திரியை வெட்டி, கொளுத்தி வைத்துவிட்டு இறங்குவார். நான் அதே கைகாட்டிகளுக்குக் கம்பிக்காரன். ரயில் வருவதற்கு முன்னால் கேபினில் ஒருவர் நெம்புகோலை இழுப்பார். தரையோரமாகக் கப்பிகளின் மேல் ஓடுகிற கம்பி அரை மைலுக்கு அப்பால் இருக்கிற கைகாட்டியின் கையை அசைக்கும். அந்தக் கம்பி தளராமல், அறுந்துபோகாமல் பார்ப்பது என் வேலை. இப்படிப் பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே பாதையில் நடந்தோம். அவர் மேலே பார்த்துக்கொண்டு, நான் கீழே பார்த்துக்கொண்டு.

அவருக்கு ஒரு குணம். எதையும் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டார். ஒரு நாள் விளக்கறையில் கதவிடுக்கில் மாட்டிப் பல்லிக்கு வால் அறுந்துவிட்டது. பல்லி ஓடிவிட்டது, வால் கிடந்து துடித்தது. இவர் குந்தி உட்கார்ந்து அது துடிப்பதை எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் மழைக்கு முன்னால் கிளம்பலாம் என்று அவசரப்படுத்துகிறேன்.

"இருடா ரெங்கா. தலை அங்க ஓடிப்போயிருச்சு. இந்த வாலுக்கு ஆடச் சொல்லி யாரு ஆர்டர் குடுத்தா?"

"யாரோ குடுத்துட்டுப் போறான், வாங்கண்ணே."

"யாரோன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு, நான் எதுக்கு?" என்றார். முந்நூற்றுச் சொச்சம் வரை எண்ணிவிட்டுத்தான் எழுந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, நவம்பர் மாசத்து மழை. ஏணியின் இரும்புப் படி நனைந்திருந்தது, கால் வழுக்கியது. அவ்வளவுதான் நடந்தது. கீழே தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர்க் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அந்த அடுக்கின் விளிம்பில் முதுகு பட விழுந்தார். நான் இரண்டு மரம் தள்ளி நின்றேன். ஓடிவந்து பார்த்தால் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மழை முகத்தில் விழுகிறது.

"விளக்கு ஏத்தியாச்சு ரெங்கா. என் காலு எங்க?"

"இருக்குண்ணே."

"தொட்டுக் காட்டு."

"தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப அது என் காலு இல்ல" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஐந்து மாசம் வைத்திருந்தார்கள். அங்கே டாக்டருக்குக் கீழே மருந்து கட்டுகிற டிரெசர் சீவரத்தினம் என்று ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்ஃபீல்ட்ஸில்தான் வீடு. மெலிந்த மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர்தான் என்னையும் பக்கிரிசாமியின் மனைவி பவுனம்மாளையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார்.

"முள்ளந்தண்டுக்குள்ள சுண்டுவிரல் மொத்தத்திலை ஒரு வடம் இறங்குது. இவருக்குத் தோள்பட்டைகளுக்கு நடுவிலை அது நசிஞ்சுபோச்சு. அதுக்குக் கீழ தலைக்கும் உடம்புக்கும் பேச்சில்லை. நடக்க மாட்டார். சிறுநீரும் தானாப் போகாது. ரப்பர்க் குழாய் விட்டுத்தான் எடுக்கோணும். நான் பழக்கிவிடுறன், பழகுவீங்களோ?"

பவுனம்மாள் உடனே தலையாட்டினாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை அதைச் செய்வதா? "வேற யாராச்சும்..." என்று இழுத்தேன். டிரெசர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஆர் இருக்கினம்?" என்று கேட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் பழகினேன். குழாயைப் பால் டின்னில் போட்டுக் கொதிக்க வைக்கவும், கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவவும், டிரெசர் கொடுத்த கிளிசரினைத் தடவவும் பழகினேன்.

எத்தனை நாள் இருப்பார் என்று தனியாகக் கேட்டேன். "நாலு மாசம்" என்றார் டிரெசர். "படுக்கைப் புண் வராட்டி இன்னும் கொஞ்சம்." அதற்குப் பிறகு பக்கிரிசாமி மூன்று வருஷம் இருந்தார். அது பவுனம்மாள் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்த கணக்கு. அவள் முதுகும் அதில் வளைந்தது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் அண்ணன் பவுனம்மாளிடம் ஊக்கு ஒன்று கேட்டு வாங்கினார். தொப்புளில் ஆரம்பித்து மேல்நோக்கிக் குத்திக்கொண்டே போனார். நான் கையைப் பிடித்தேன்.

"விடுறா. வலிச்சா நான் சொல்ல மாட்டேனா?"

மார்க்காம்புக்கு நேராக வந்ததும் "ஆ" என்றார். முகம் மலர்ந்தது. ஒரு விரல் கீழே குத்தினால் ஒன்றுமில்லை, மேலே குத்தினால் வலி. வலமும் இடமுமாகக் குத்திக் குத்திப் பார்த்து, விளக்கறைச் சுண்ணக்கட்டியால் தம் மார்பில் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

"இதுதான் பார்டரு. இதுக்கு மேல பக்கிரிசாமி. கீழ யாருன்னு தெரியல."

அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்தது கொஞ்சமல்ல. வெயில் காலத்தில் கோட்டுக்கு மேலே மட்டும் வேர்த்தது. கீழே வயிறும் தொடையும் மாவு தடவினாற்போல் உலர்ந்து கிடந்தன. வேர்வைக்கும் தலையிலிருந்துதான் ஆர்டர் போகிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டார். பிறகு கால்கள் உதற ஆரம்பித்தன. போர்வை பட்டால் முழங்கால் மடங்கித் துள்ளும். பவுனம்மாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கால் வந்திருச்சு தம்பி, கால் வந்திருச்சு!" லயன் முழுக்க வந்து பார்த்தது.

அவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "ஆடாதேன்னு சொன்னேன், ஆடுச்சு. ஆடுன்னு சொன்னேன், சும்மா கெடந்துச்சு" என்றார். "கேபின்லேர்ந்து வர்ற கம்பி அறுந்துபோச்சு ரெங்கா. ஆனா கைகாட்டியில எடைக்கட்டை தொங்குதுல்ல? தட்டினா அது பாட்டுக்கு ஆடும். பல்லி வால் பாத்தோமே, அந்தக் கணக்குதான்."

பவுனம்மாள் அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாசம் வெள்ளிக்கிழமை, அம்மன் ஊர்வலம் லயன் வழியாக வந்தது. எல்லாரும் அதில் நின்றதால் சாயங்காலக் குழாய் போட நேரமாகிவிட்டது. தப்பட்டைச் சத்தம் வாசலுக்கு வந்த நேரம் அண்ணனுக்கு முகம் செக்கச் சிவந்தது. நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை கொட்டியது. கோட்டுக்குக் கீழே வயிற்றிலும் தொடையிலும் மயிர்க்கால் அத்தனையும் குத்திட்டு நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு "தலை, தலை" என்று முனகினார்.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காதான் முதலில் பார்த்தது. பார்த்தவுடன் குலவை போட்டது. "அம்மா வந்திருக்கா! பக்கிரி மேல அம்மா வந்திருக்கா!"

கொட்டுக்காரர்கள் உள்ளேயே வந்துவிட்டார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள். ஒரு கால் மணி நேரம் இப்படி. பிறகு பாயெல்லாம் தானாக நனைந்தது. நனைந்த கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, புல்லரிப்பு அடங்கி, மனிதர் சோர்ந்துபோய்க் கண்ணை மூடினார். "சாமி மலையேறிருச்சு" என்றார்கள். நானும் நம்பினேன், மறைப்பானேன். அன்றைக்கு நானும்தான் விழுந்து கும்பிட்டேன்.

அதிலிருந்து வாசலில் எலுமிச்சம்பழம் வர ஆரம்பித்தது. செந்தூல் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்து குறி கேட்டார்கள்.

பக்கிரிசாமிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, ஏன் என்று தெரியாமல் அவரால் படுத்திருக்க முடியவில்லை. பலகைச் சுவரில் கலர்ச் சுண்ணக்கட்டியால் குறி போட ஆரம்பித்தார். எழுதத் தெரியாது. குழாய் போட்ட நேரத்துக்குப் பச்சை வட்டம், தலை இடித்த நேரத்துக்குச் சிவப்பு வட்டம். ரயில்வேக்காரன் வேறு என்ன நிறத்தில் போடுவான்? இரண்டு மாசத்தில் சுவர் நிறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சிவப்பெல்லாம் எங்க நிக்குது பாரு."

பார்த்தேன். பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே இடைவெளி அதிகமான இடங்களில்தான் சிவப்பு நின்றது.

"சாமி வரல பவுனு" என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "மூத்திரம் வருது!"

உள்ளே பாத்திரம் தடால் என்று விழுந்தது. நான் எழுந்து போனேன். பவுனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவான குரலில் சொன்னாள்: "சாமி வருதுன்னா நாலு பேரு வந்து வாசல்ல நிக்கிறாங்க தம்பி. ஏதாச்சும் வேணுமா அக்கான்னு கேக்குறாங்க. மூத்திரம்னா யாரு வருவா?"

நான் விழுந்து கிடந்த பாத்திரத்தை எடுத்துக் கழுவி வைத்தேன்.

டிரெசர் சீவரத்தினத்தை அடுத்த தடவை அப்படி வரும்போது இருந்து பார்க்கச் சொன்னோம். "வரும்போது என்ன, நானே வரவழைக்கிறேன்" என்றார் பக்கிரிசாமி. ஞாயிறு காலைக் குழாயை வேண்டுமென்றே தள்ளிப் போட்டார். பதினோரு மணிக்கு முகம் சிவந்தது. டிரெசர் கடிகாரத்தை எடுத்து நாடியைப் பிடித்தார். பிடித்தவர் நெற்றியைச் சுருக்கினார். மறுபடி எண்ணினார்.

"நாற்பத்தாறு. இப்படித் தலை இடிக்கிற மனுசனுக்கு நாடி ஓடோணும். இது ஊர்ந்து போகுது."

நான் குழாயைப் போட்டேன். மளமளவென்று இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் நாடி எழுபதுக்கு வந்தது. டிரெசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஆனால் அது கோபத்தால் அல்ல. "என்ர புத்தகத்திலை இது இல்லையே" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"நாற்பத்தாறோட நிறுத்திக்குவோம் டிரெசரய்யா" என்றார் அண்ணன். "இன்னொரு வாட்டி வரவழைச்சா நான் போயிருவேன் போல."

"இனி இந்த விளையாட்டு வேண்டாம். இந்தத் தலையிடியிலை மூளைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சாலும் வெடிக்கும். விளங்குதோ?"

விளங்கியது. எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்குத்தான் பயம் வந்தது. சாமியென்றால் தானாக மலையேறும். இது ஏறாமல் நின்றுவிட்டால் ஆள் காலி.

அடுத்த ஞாயிறு டிரெசர் புத்தகத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நான் சந்தைப் பாசாரிலிருந்து ஆட்டு முதுகெலும்பு ஒன்றை முழுசாக வாங்கி வந்திருந்தேன். வாங்கி வரச் சொன்னது அண்ணன்தான். "படத்தில பாத்தா பத்தாது. அறுத்துப் பாக்கணும்."

"குழம்புக்கா, பாடத்துக்கா?" என்று கேட்டாள் பவுனம்மாள்.

"மொத பாடம், அப்புறம் குழம்பு. சும்மா இருலா பவுனு."

ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, பலகையில் எலும்பை வைத்து, கத்தியால் கணுக்கணுவாகப் பிளந்தார். உள்ளே வெள்ளையாக, வழவழவென்று அந்த வடம். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை, ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் ஒரு நரம்பு வெளியே போகிறது. வடத்தோடு சேருகிற இடத்தில் அந்த நரம்பு இரண்டு வேராகப் பிரிந்திருந்தது. முன் வேர் ஒன்று, பின் வேர் ஒன்று.

"பின் வேராலை சேதி உள்ளுக்கு வருது. முன் வேராலை கட்டளை வெளியிலை போகுது" என்றார் டிரெசர்.

"மேல் லைன், கீழ் லைன்" என்றேன் நான், ரயில் வருகிற பாதையையும் போகிற பாதையையும் நினைத்து.

"அதேதான். மனுசருக்கு மொத்தம் முப்பத்தொரு சோடி. கழுத்திலை எட்டு, நெஞ்சிலை பன்னிரண்டு, இடுப்பிலை ஐஞ்சு, அதுக்குக் கீழ ஐஞ்சு, வால் நுனியிலை ஒண்டு."

அண்ணன் நெஞ்சுப் பக்கத்து ஓட்டைகளை விரலால் எண்ணினார். "இதில பதிமூணு இருக்கே?"

"ஆட்டுக்கு விலா எலும்பு ஒரு சோடி கூட" என்று டிரெசர் சிரித்தார். பிறகு அண்ணன் மார்பைக் காட்டினார். "உம்மட கோடு நிக்கிற இடம் நெஞ்சு நரம்பிலை நாலாவதின்ர எல்லை. புத்தகத்திலை படமே இருக்கு, பாரும்."

படத்தில் ஒரு வெள்ளைக்காரன் உடம்பு முழுக்கப் பட்டை பட்டையாகப் பிரித்துப் போட்டிருந்தது. அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். ஊக்கால் தாம் கண்டுபிடித்த கோடு சீமைப் புத்தகத்திலும் அதே இடத்தில் இருந்ததில் அவருக்கு ஏக பெருமை. பவுனம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெள்ளைக்காரன் துணி இல்லாமல் இருக்கிறான் என்று திரும்பிக்கொண்டாள்.

அப்போது அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். "சரி. மூத்திரப்பை நெறஞ்சா எனக்குத்தான் தெரியாதே. தெரியாத விஷயத்துக்கு என் தலை ஏன் இடிக்குது?"

டிரெசர் ஆட்டெலும்பைத் திருப்பினார். தண்டுக்கு முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் மெல்லிய நூலில் சின்னச் சின்ன மணிகள் கோத்ததுபோல் ஒன்று ஓடியது. "இது வேற கூட்டம். கை காலை ஆட்டுறதில்லை. வேர்வை, புல்லரிப்பு, ரத்தக்குழாயைச் சுருக்குறது, எல்லாம் இதின்ர வேலை. எங்களைக் கேக்காமலே செய்யும். உமக்குக் கீழ சிறுநீர்ப்பை முட்டுது. சேதி மேல போக வழியில்லை. கீழ இருக்கிற இந்தக் கூட்டம் தன்ர எண்ணத்துக்கு ரத்தக்குழாய் எல்லாத்தையும் இறுக்கிப்போடுது. ரத்தம் மேல ஏறுது, தலை இடிக்குது. தலை என்ன செய்யும்? இறுக்காதை எண்டு சொல்லுது, அது கோட்டைத் தாண்டாது. ஆனா மண்டையிலிருந்து நேர இருதயத்துக்குப் போற நரம்பு ஒண்டு இருக்கு, அது இந்த வடத்துக்குள்ளாலை போறதில்லை. அதாலை நாடியை மட்டும் மெதுவாக்குது. நான் நினைக்கிறன் இப்படித்தான் எண்டு. சரியாத் தெரியாது."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அப்ப மூத்திரம்தான்னு இல்ல. கீழ எது முட்டினாலும் இப்படி வரும்?"

"வரலாம்" என்றார் டிரெசர்.

அந்த ஒரு கேள்விதான் பிறகு அவர் உயிரைக் காப்பாற்றியது. குழம்பும் நன்றாகத்தான் இருந்தது.

மறு வருஷம் ஆடி வந்தது. பூசாரி நாகையா ஒரு நாள் நான் இல்லாத நேரம் வந்து, பக்கிரி மேல் வருகிற சாமியைக் கட்டி நிறுத்தினால் ஒரு நாள் எழுந்து நடப்பார் என்று பவுனம்மாளிடம் சொல்லியிருக்கிறார். மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்த பருத்திக் கயிறு, ஏழு புரி முறுக்கியது, இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பூசாரியை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். பக்கிரிசாமி தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டினால் விழித்தாலும் தெரியாது, அதுதான் கதையே. பவுனம்மாளும் அவரிடமோ என்னிடமோ சொல்லவில்லை, அன்றிலிருந்து குழாயையும் அவளே போட்டாள். திட்டுவார் என்று பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பங்சார் சாலைப் பக்கம் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். லயனிலிருந்து ஆள் ஓடிவந்தது. கருவிப் பையைத் தோளில் மாட்டியபடியே போனேன். வாசலில் கூட்டம், கொட்டு, வேப்பிலை. உள்ளே அண்ணனை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் செம்பருத்தி நிறம். வலது கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தது. பூசாரி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திருக்கிறது யாரு? பேரச் சொல்லு!"

"பக்கிரி" என்றார் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பொய் சொல்லாதே! யாரு வந்திருக்கே?"

"அடேய், நான் எங்கயும் போகவே இல்லையேடா. வர்றதுக்கு?"

கூட்டத்தில் ஒருவர் "மொதல்ல இப்படித்தான் ஒத்துக்காது" என்று பக்கத்து ஆளுக்கு விளக்கினார்.

நான் நெட்டித் தள்ளிக்கொண்டு போய் அவரைத் தூக்கி என் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தேன், நிமிர்ந்தால் தலைக்கு ஏறின ரத்தம் இறங்கும் என்று டிரெசர் சொல்லியிருந்தார். பவுனம்மாள் குழாயும் கையுமாக நின்றாள்.

"குழாய் போட்டாச்சா அண்ணி?"

"போட்டுட்டேன் தம்பி. சுத்தமா எறங்கிருச்சு. இன்னும் வலிக்குதுங்கறாரு. சாமிதான் தம்பி, இந்த வாட்டி சாமிதான்."

பை காலி. சுவரில் பச்சை வட்டம் சற்றுமுன் போட்டது, பொடிகூட உதிரவில்லை. ஒருவேளை சாமிதானோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த நிலைமையிலும் யோசித்துக்கொண்டிருந்தார் மனிதர். "கீழ எவனோ கத்துறான் ரெங்கா. எனக்குக் கேக்கல. நீ போய்ப் பாரு."

அவரைப் பவுனம்மாள் தோளில் சாய்த்துவிட்டுக் குதிகாலிலிருந்து தேடினேன். விரலிடுக்கு, நகம், முழங்கால் மடிப்பு, புட்டத்துத் தோல். பாயில் ஏதாவது முள், கல். ஒன்றுமில்லை. வேட்டியை அவிழ்த்தேன். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினார்கள். அடிவயிற்றுச் சதை மடிப்பைத் தூக்கினேன், மஞ்சள் கயிறு தெரிந்தது. தினமும் உடம்பு துடைக்கிற தண்ணீரில் நனைந்து நனைந்து முறுக்கேறி, சுருங்கி, ஒரு விரல் ஆழத்துக்கு உள்ளே போயிருந்தது. சுற்றிலும் தோல் கன்றிப்போயிருந்தது.

பையிலிருந்து குறட்டை எடுத்தேன். பூசாரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மன் கயிறு. அறுத்தா ரத்தம் கக்கிச் சாவே."

"யாரு, நானா அவரா?"

"ரெண்டு பேரும்!"

கொட்டு அடித்துக்கொண்டே இருந்தது. நான் பவுனம்மாளைப் பார்த்தேன். கயிறு கட்ட விட்டவள் அவள், தாலியும் அவளுடையது. அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், சுவரில் இருந்த பச்சையையும் சிவப்பையும் பார்த்தாள்.

"அறு தம்பி" என்றாள்.

ஒரே நெரிப்பில் அறுந்தது. வெளியே கொட்டு நிற்கவில்லை. அவர் தலைக்குள் அடித்த கொட்டு நின்றது. மறுபடி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன், அவர் மெல்ல மூச்சு விட்டதை நான் என் உடம்பில் உணர்ந்தேன். கண்ணைத் திறந்து முதலில் கேட்டது: "என்னாது அது? காட்டு."

கயிற்றைக் கையில் வாங்கி, எத்தனை புரி என்று எண்ணினார். பிறகு சுவரைக் காட்டி, "சிவப்பு ஒண்ணு போடு. பக்கத்தில ஒரு கயிறு வரை" என்றார். டிரெசர் வந்து அந்தச் சுவரைப் பார்த்துத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவருக்குச் சிவப்பே வரவில்லை. நாங்கள் நேரம் தவறாமல் குழாய் போட்டோம், தினமும் தலை முதல் கால் வரை தேடினோம், நகத்தை வெட்டினோம், மடிப்பில்லாமல் பாய் விரித்தோம். ஆகவே வரவில்லை. லயன்காரர்கள் கணக்கு வேறு. கயிற்றை அறுத்தான், சாமி போய்விட்டது. எலுமிச்சம்பழம் நின்றது, ஆள் வரத்தும் நின்றது. பவுனம்மாள் பயந்தபடியே ஆயிற்று. லெட்சுமி அக்கா மட்டும் ரசம் கொண்டுவந்து கொடுக்கும். அறுக்கச் சொன்னது நான்தான் என்று பவுனம்மாள் எத்தனையோ பேரிடம் சொன்னாள். யார் காதிலும் ஏறவில்லை. குறடு இருந்தது என் கையில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, பிப்ரவரி. குளிர்காய்ச்சல் வந்தது. கயிறு அறுத்த பாவம் இப்போதுதான் பலிக்கிறது என்றார்கள் லயனில். நீர் கலங்கலாகப் போனது. டிரெசர் பார்த்துவிட்டு, கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு அண்ணன் தலையாட்டி மறுத்துவிட்டார். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். தெளிவு வந்தால் டிரெசரை ஏதாவது கேட்பார். காய்ச்சல் குளிர் வரும்போது கோட்டுக்கு மேலே மட்டும் உடம்பு நடுங்குகிறதே, அது ஏன் என்று ஒரு நாள். கீழே யாருக்கும் குளிர்கிற சேதி போகவில்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை. டிரெசர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். கேரி தீவில் தோட்டத்து டிரெசர் அவருக்குத் தெரிந்தவர், கடுதாசி போட்டிருந்தார். பாலன் என்று ஒருவர், தென்னையில் கள் இறக்கப் போய் மட்டை முறிந்து விழுந்தாராம். முதுகு ஒடிந்து லயனில் படுத்திருக்கிறாராம்.

பக்கிரிசாமி கண்ணைத் திறந்தார். "கோடு எங்க?"

"கழுத்தெலும்புக்கு நாலு விரல் கீழ எண்டு எழுதியிருக்கிறார்."

"அப்ப அவனுக்கும் வருமே. மூஞ்சி செவக்குதாமா?"

டிரெசர் கண்ணாடியைக் கழற்றினார். "பேய் பிடிக்குது எண்டு சனம் சொல்லுதாம். வரும்போது ரெண்டு காலையும் இடுப்பையும் சேர்த்துக் கயித்தாலை கட்டிப்போடுறாங்களாம். வேப்பிலையாலை அடிக்கிறதாம்."

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். அதாவது கோட்டுக்கு மேலே எழுந்திருக்கப் பார்த்தார். நான் தோளைப் பிடித்துச் சாய்த்தேன். உடம்பு கொதித்தது. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ரெங்கா, நாளைக்குக் கிள்ளானுக்குக் காலம்பற ரயில் இருக்கில்ல?"

"இருக்குண்ணே. உங்கள விட்டுட்டு எப்படி..."

"என்னப் பாக்க பவுனு இருக்கா. அங்கேர்ந்து தீவுக்குப் படகு கெடைக்கும், ஏறிப் போ. போனவுடனே யார்கிட்டயும் வாதாடாத. அவனத் தூக்கி மொதல்ல உக்கார வை. அப்புறம் கயித்த அவுரு. அப்புறம் குழாய். அதுலயும் அடங்கலன்னா குதிகால்லேர்ந்து தேடு, தலைப்பக்கமிருந்து தேடாத, நேரம் போயிரும். அடங்கினப்புறம் ஊக்க வச்சு அவன் கோட்ட அவனையே போடச் சொல்லு. நீ போடாத, அவன் போடணும். சுவத்தில பச்ச செவப்பு போடறதயும் காட்டு. பேய் இல்லன்னு நீ சொன்னா நம்ப மாட்டான், அவனே பாத்தா நம்புவான்."

"சரிண்ணே."

"அடிப்பானுங்க. வாங்கிக்க."

"சரி."

கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று கையை மெல்ல எடுத்தேன். மறுபடி பிடித்தார்.

"குறட்ட மறந்துறாத."